வலிப்பு மாத்திரையோடு பூஞ்சை மாத்திரை சேரும்போது: டெல்டா குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேட்டூரில் தண்ணீர் திறந்து குறுவைக்குச் சேற்றில் இறங்கிய கால்கள், தாளடி நடவு முடியும் வரை முழுதாகக் காய்வதில்லை. விரலிடுக்கில் சேற்றுப்புண், இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை, அறுவடைக் காலத்தில் நெல் சுணை பட்டுச் சிவந்து வெள்ளை விழுந்த கண் என்று, காவிரி டெல்டாவில் பூஞ்சை நோய் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு வடிவில் இருந்துகொண்டே இருக்கிறது. இதே ஊர்களில் மாதந்தோறும் அரசு மருத்துவமனைக்குப் போய் வலிப்பு மாத்திரை வாங்கி, அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் சாப்பிட்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு நோயும் ஒரே உடம்பில் சேரும்போது என்ன நடக்கிறது என்பதை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

மன்னார்குடிப் பக்கத்தில் மருந்தாளுநராக இருபது ஆண்டுகளுக்கு மேல் மருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாள், நாற்று நடும் வேலைக்குப் போகும் ஓர் அக்கா, ஏழு மாதமாகப் படைக்கு மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை என்று சொல்லி வெற்று அட்டையைக் காட்டினார். அது இட்ராகோனசோல். அவருடைய மகள் பையைத் துழாவி இன்னொரு அட்டையையும் எடுத்து வைத்தாள். அது சிறு வயதிலிருந்து அவர் சாப்பிட்டுவரும் ஃபினோபார்பிட்டோன். படைக்குச் சீட்டு எழுதியவரிடம் வலிப்பு மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வலிப்புக்கு மாத்திரை தருகிற இடத்தில் படையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இரண்டு சீட்டுகளும் ஒரே மேசையில் சந்திக்காததால், ஓர் ஏழைக் குடும்பத்தின் ஏழு மாத மருந்துச் செலவு வீணாகப் போயிருந்தது. இந்த வழிகாட்டியின் நோக்கம் அந்த இரண்டு சீட்டுகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவருவதுதான்.

படிகளுக்குள் போவதற்கு முன் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு எவரும் வலிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஃபினோபார்பிட்டோனைத் திடீரென்று நிறுத்தினால், ஒரு வலிப்பு ஓய்வதற்குள் அடுத்த வலிப்பு தொடங்கும் நிலை ஏற்படலாம்; அது உயிரைப் பறிக்கக் கூடியது. படையோ சேற்றுப்புண்ணோ ஒரு மாதம் தாமதமாக ஆறினாலும் ஆளுக்கு ஆபத்தில்லை. மருந்தை மாற்றும் முடிவு எதுவானாலும் அது மருத்துவருடையது.

உடம்புக்குள் நடப்பது என்ன

மருந்தின் அளவை வயலில் நிற்கும் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். தலைமடை வழியாக நாம் விழுங்கும் மாத்திரை வந்து சேர்கிறது. கடைமடையில் கல்லீரல் அதை உடைத்து வெளியே அனுப்புகிறது. வயலில் நிற்க வேண்டிய தண்ணீர் நின்றால்தான் பயிர் பிடிக்கும். இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு மருந்து இருந்தால்தான் பூஞ்சை சாகும். கல்லீரலில் மருந்தை உடைக்கும் வேலையை நொதிகள் செய்கின்றன. ஃபினோபார்பிட்டோன், அந்த நொதிகளை இன்னும் அதிகமாக உற்பத்தி செய்யும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. அதாவது அது வடிகாலை அகலமாக வெட்டிவிடுகிறது. தலைமடையில் வழக்கம்போலத் தண்ணீர் வந்தாலும் வயல் காய்ந்துபோகிறது.

இந்த அகலப்படுத்தும் வேலை ஒரே நாளில் முடிவதில்லை. முழுமை பெற ஏறக்குறைய 2 முதல் 3 வாரம் ஆகும். வலிப்பு மாத்திரையை நிறுத்திய பிறகு வடிகால் பழைய அளவுக்குச் சுருங்கவும் அதே போல வாரங்கள் ஆகும். பெரியவர்கள் உடம்பில் ஃபினோபார்பிட்டோனின் அளவு பாதியாகக் குறையவே 3 முதல் 5 நாள் பிடிக்கும் என்பதால், கடைசி மாத்திரை விழுங்கி இரண்டு வாரம் கழித்தும் அதன் மிச்சம் உள்ளே இருக்கும். ஆகவே, காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று நேரம் பிரித்துச் சாப்பிட்டால் மோதல் வராது என்ற எண்ணம் தவறு. மாத்திரைகள் வயிற்றில் சந்திப்பதால் வரும் சிக்கல் அன்று இது.

எதிர்த்திசையிலும் ஒரு வேலை நடக்கிறது. இட்ராகோனசோல், ஃப்ளூகோனசோல், வோரிகோனசோல் போன்று ‘சோல்’ என்று முடியும் பூஞ்சை மருந்துகள் அந்த நொதிகளில் சிலவற்றை முடக்கும் இயல்புடையவை. அவை வடிகாலை அடைக்கின்றன. அப்போது வேறு சில மருந்துகள் வடியாமல் உடம்பில் தேங்கி, அளவுக்கு மீறி ஏறிவிடலாம். ஆக, கேடு இரு வகைப்படுகிறது: பூஞ்சை மருந்து இரத்தத்தில் இல்லாமலே போவது ஒன்று, வலிப்பு மருந்து மிகுந்துபோவது மற்றொன்று. முதலாவதே அதிகம் நடப்பது, அதுவே கண்ணுக்குத் தெரியாததும்கூட. புதிதாக வாந்தியோ மயக்கமோ எதுவும் வராது. நோய் மட்டும் குறையாது.

முதல் படி: வலிப்பு மாத்திரை எது என்று பெயரைக் கண்டுபிடியுங்கள்

‘ஃபிட்ஸ் மாத்திரை’, ‘நரம்பு மாத்திரை’, ‘தூக்க மாத்திரை’ என்ற பெயர்கள் எதற்கும் உதவாது. அட்டையின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள் அல்லது படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஃபினோபார்பிட்டோன், ஃபினோபார்பிட்டால் என்று இருந்தால் அது பார்பிட்யூரேட் என்ற மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. கடைகளில் கார்டினால் என்ற பெயரில் வருவதும் இதுதான். பிரிமிடோன் என்றிருந்தாலும் அதே கணக்கில் சேருங்கள், ஏனெனில் உடம்புக்குள் போனதும் அதன் ஒரு பகுதி ஃபினோபார்பிட்டோனாகவே மாறுகிறது. குழந்தைகளுக்கு இதைச் சிரப்பாகவும் தருவார்கள். சிரப்பு என்பதால் வீரியம் குறைவு என்று எண்ண வேண்டாம்.

1912இல் வலிப்புக்குப் பயன்படத் தொடங்கிய இந்த மருந்து இன்றும் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருக்கிறது. விலை குறைவு, பலன் உண்டு, ஒரு வேளை மாத்திரையே போதும். பழைய மருந்து என்பதாலேயே அதைக் கெட்ட மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பார்பிட்யூரேட் அல்லாத சில வலிப்பு மருந்துகளும் இதே போல வடிகாலை அகலப்படுத்துகின்றன. எப்டாயின் என்ற பெயரில் பலருக்கும் தெரிந்த ஃபெனிட்டாயினும், கார்பமசெபினும் அத்தகையவை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இவற்றைவிடவும் வலிமையானது. நீங்கள் சாப்பிடுவது இவற்றில் ஒன்றென்றால், பூஞ்சை மாத்திரையின் அளவு குறைவதைப் பற்றிக் கீழே வருபவற்றில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும். லெவெடிரசெட்டம், சோடியம் வால்ப்ரோயேட் இரண்டும் கல்லீரல் நொதிகளை இப்படித் தூண்டுவதில்லை. பின்னால் மருந்தை மாற்றும் பேச்சு வரும்போது இந்த இரண்டு பெயர்களும் உதவும்.

இரண்டாம் படி: பூஞ்சை மருந்து உள்ளுக்கா, மேலுக்கா

மேலே பூசும் களிம்பு, பவுடர், தேமலுக்குத் தேய்த்துக் குளிக்கும் ஷாம்பு ஆகியவற்றுக்கும் வலிப்பு மாத்திரைக்கும் மோதல் இல்லை எனலாம். குளோட்ரிமசோல், லுலிகோனசோல், டெர்பினாஃபின் களிம்புகள் தோலோடு நிற்கின்றன. இரத்தத்துக்குள் போவது மிகச் சொற்பம். கைக்குழந்தையின் வாயில் வெள்ளையாகப் படியும் பூஞ்சைக்கு விடும் நிஸ்டாட்டின் சொட்டு மருந்தும் குடலில் உறிஞ்சப்படுவதில்லை. பிறந்த உடனே வலிப்பு வந்து ஃபினோபார்பிட்டோன் சிரப்பு குடிக்கும் குழந்தைக்கும் அதைத் தரலாம். எனவே உங்கள் வீட்டுச் சீட்டில் பூசும் மருந்து மட்டுமே இருந்தால், அடுத்த படிகளை அவசரம் இல்லாமல் படிக்கலாம்.

இங்கே களிம்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். பேருந்து நிலையக் கடையில் ‘படைக்கு ஒரு டியூப்’ என்று கேட்டு வாங்குபவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பூசியதும் அரிப்பு அடங்கும். படை அடங்காது, மறைவாகப் பரவும். பூசு மருந்தோடு தீர்ந்திருக்க வேண்டிய படை, உள்ளுக்கு மாத்திரை சாப்பிட வேண்டிய நிலைக்கு வளர்வதற்கு இது ஒரு பெரிய காரணம். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்த நிலை வராமல் தடுப்பது, மற்றவர்களுக்குத் தடுப்பதைவிடப் பல மடங்கு முக்கியமானது.

மாத்திரை, கேப்சூல், ஊசி என்று உள்ளே போகும் மருந்தென்றால் மூன்றாம் படிக்கு வாருங்கள்.

மூன்றாம் படி: எந்த இணை எவ்வளவு ஆபத்து

இட்ராகோனசோலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்று படைக்கு எழுதப்படும் மாத்திரைகளில் நான் அதிகம் காண்பது இதைத்தான். இது கல்லீரலில் உடைவது ஃபினோபார்பிட்டோன் தூண்டிவிடும் அதே நொதியால். இதே குணமுடைய ஃபெனிட்டாயினோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், இரத்தத்தில் சேர்ந்த இட்ராகோனசோலில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்துபோயிருந்தது. ஃபினோபார்பிட்டோன், ஃபெனிட்டாயின் போன்றவற்றை இட்ராகோனசோல் தொடங்குவதற்கு 2 வாரம் முன்பிருந்தே சேர்த்துத் தர வேண்டாம் என்று மருந்தோடு வரும் குறிப்பே சொல்கிறது. அளவை இரட்டிப்பாக்கினால் சரியாகிவிடும் என்று சிலர் தாமாக இரண்டு கேப்சூல் விழுங்குகிறார்கள். வடிகால் எவ்வளவு அகலமாகியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் இரட்டிப்பு போதும் என்று எந்த உறுதியும் இல்லை. மேலும், இட்ராகோனசோல் இதயத்தின் இயங்கு வலிமையைக் குறைக்கக் கூடியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு அது கூடாது.

இந்த இடத்தில் நம் காலத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. கடந்த சில ஆண்டுகளாக இந்தியாவெங்கும் எளிதில் ஆறாத படர்தாமரை பரவியிருக்கிறது. அதற்குக் காரணமான பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரிட்டார்கள். இதன் பல வகைகள் டெர்பினாஃபினுக்குக் கட்டுப்படுவதில்லை. அதனால் தோல் மருத்துவர்கள் இட்ராகோனசோலை நாடுகிறார்கள். அது சரியான முடிவுதான். ஆனால் வலிப்பு மாத்திரையோடு மோசமாக மோதுவதும் அதே இட்ராகோனசோல்தான். படை இறங்காதபோது ‘இது மருந்துக்கு அடங்காத கிருமி’ என்று மருத்துவர் நினைக்க நியாயம் உண்டு. கிருமி அடங்காததா, மருந்து இரத்தத்தில் இல்லாததா என்ற கேள்விக்கு விடை நோயாளியின் பையில் இருக்கும் இன்னொரு அட்டையில் இருக்கிறது. அதைக் காட்டாதவரை மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.

கிரிசியோஃபல்வின், தலையில் படை வந்து முடி கொட்டும் குழந்தைகளுக்கு இன்றும் எழுதப்படுகிறது. வலிப்புக்குச் சிரப்பு குடிக்கும் குழந்தைகளும் அதே வயதினர் என்பதால் இந்த இணை அபூர்வமானது அன்று. ஃபினோபார்பிட்டோன் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் கிரிசியோஃபல்வின் அளவு குறைகிறது என்பது 1960களிலேயே கவனிக்கப்பட்டது. இங்கே கல்லீரலைவிடக் குடலில் உறிஞ்சப்படுவது குறைவதே முதன்மைக் காரணமாகக் கருதப்படுகிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு: வேறு வழியில்லை என்று மருத்துவர் இதையே தொடரச் சொன்னால், நாளின் அளவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, நெய்யோ பாலோ முட்டையோ உள்ள உணவோடு தரும்படி அவர் கூறலாம். கொழுப்புள்ள உணவோடு இம்மருந்து நன்றாக உறிஞ்சப்படும். தலைப்படைக்கு ஆறு முதல் எட்டு வாரமாவது இது தேவைப்படுவதால், நான்காவது வாரத்திலேயே மருத்துவரிடம் தலையைக் காட்டிவிடுங்கள். கருவுற்றவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது. சாப்பிடும் ஆண்களும் மருந்து முடிந்து 6 மாதம் வரை குழந்தைப் பேற்றைத் தள்ளிப்போட வேண்டும். கருத்தடை மாத்திரையின் பலனையும் கிரிசியோஃபல்வின் குறைக்கும், ஃபினோபார்பிட்டோனும் குறைக்கும். இரண்டும் சேர்ந்த வீட்டில் அந்த மாத்திரையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

வோரிகோனசோலைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை. ஃபினோபார்பிட்டோன் போன்று நீண்ட நேரம் வேலை செய்யும் பார்பிட்யூரேட்டுகளோடு சேர்க்கவே கூடாது என்று இதன் மருந்துக் குறிப்பு தடை விதிக்கிறது. இசாவுகோனசோலுக்கும் அதே தடை. போசகோனசோலும் தவிர்க்க வேண்டியதுதான். நோயாளியை நெருக்கமாகக் கண்காணிக்கும் பெரிய மருத்துவமனையில், வேறு வழியே இல்லாதபோது போசகோனசோலை அளவைச் சோதித்துச் சோதித்துத் தர நேரிடலாம். இவை படைக்கான மருந்துகள் அல்ல. நுரையீரலில் பூஞ்சை வளர்ந்தவர்களுக்கும், கொரோனாவை ஒட்டி 2021 மே மாதம் தமிழ்நாடு அரசு அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாகச் சேர்த்த கரும்பூஞ்சைக்கும் (வோரிகோனசோல் தவிர மற்றவை) உயிர் காக்கத் தரப்படுபவை. படைக்கான மாத்திரை வேலை செய்யாவிட்டால் அரிப்பு மிஞ்சும். இந்த மருந்துகள் வேலை செய்யாவிட்டால் கண்ணோ உயிரோ போகும்.

கண் என்றதும் அறுவடையைச் சொல்லியாக வேண்டும். கதிரறுக்கும்போதும், அறுவடை இயந்திரத்தின் பின்னால் தூசு பறக்கும்போதும், சுணையோ வைக்கோல் துணுக்கோ கருவிழியைக் கீறி, அந்தக் கீறலில் பூஞ்சை இறங்குவது நம் பக்கத்தில் நன்கு தெரிந்த நோய். அதற்கு முதல் மருந்து நாட்டமைசின் சொட்டு மருந்து. மதுரை, புதுச்சேரி, கோயம்புத்தூர் அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 323 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, வோரிகோனசோல் சொட்டைவிட நாட்டமைசின் சொட்டே மேலானது என்று காட்டியது. சொட்டு மருந்துக்கும் வலிப்பு மாத்திரைக்கும் மோதல் இல்லை. புண் ஆழமாக இருந்தால் சில மருத்துவர்கள் வோரிகோனசோல் மாத்திரையும் சேர்ப்பார்கள். மாத்திரை என்ற சொல் வந்ததுமே உங்கள் வலிப்பு மருந்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். கண்ணில் தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டு இரண்டு நாளைக் கழித்துவிடாமல் நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

ஃப்ளூகோனசோல் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் பெரும்பகுதி, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு, மாறாமல் அப்படியே சிறுநீரில் வெளியேறுகிறது. கல்லீரலின் வடிகால் அகலமானாலும் இது அவ்வளவாகக் குறைவதில்லை. ரிஃபாம்பிசினோடு சேர்ந்தாலே ஏறத்தாழ கால் பங்குதான் குறைகிறது. ஆனால் இது வடிகாலை அடைக்கும் வகை. ஃபினோபார்பிட்டோன் உடையும் நொதிகளையும் இது முடக்குவதால், பல நாள் தொடர்ந்து சாப்பிடும்போது வலிப்பு மருந்தின் அளவு சற்று ஏறி, தூக்கக் கலக்கமும் தள்ளாட்டமும் வரலாம். ஃபெனிட்டாயின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்த ஏற்றம் நன்றாகவே தெரியும்: கண்மணிகள் பக்கவாட்டில் துடிக்கும், நாக்கு குழறும், வரப்பில் நேராக நடக்க முடியாது. குளோபசாம் என்ற வலிப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு மயக்கம் இன்னும் கூடும். வெள்ளைப்படுதலுக்கு ஒரே ஒரு முறை தரும் 150 மில்லிகிராம் மாத்திரையால் பெரிய தீங்கு நேர வாய்ப்பு குறைவு. வாரக்கணக்கில் தருவதே கவனிக்க வேண்டியது.

டெர்பினாஃபின் மாத்திரை இடைநிலையில் நிற்கிறது. அது பல நொதிகளால் உடைவதால் ஒரு நொதி பெருகியதும் முற்றாகக் காணாமல் போவதில்லை. எனினும் ரிஃபாம்பிசினோடு சேர்ந்தால் இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேறுகிறது; ஃபினோபார்பிட்டோனோடும் ஓரளவு குறையலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

கடுமையான பூஞ்சை நோய்க்குத் தரும் ஆம்போடெரிசின் பி ஊசி கல்லீரல் நொதிகளைச் சார்ந்ததன்று, ஆகவே வலிப்பு மருந்து அதைக் குறைப்பதில்லை. ஆனால் அது சிறுநீரகம் வழியாகப் பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் இழக்கச் செய்கிறது. மக்னீசியம் மிகக் குறைந்தால் அதுவே வலிப்பைக் கிளப்பும். வலிப்பு உள்ளவர் என்று தெரிந்தால் மருத்துவமனையில் இவற்றை அடிக்கடி சோதிப்பார்கள்.

நான்காம் படி: மருத்துவரிடம் எப்படிச் சொல்வது, என்ன கேட்பது

‘எனக்கு ஃபிட்ஸ் இருக்கு’ என்று மட்டும் சொல்வது போதாது. அட்டையையே எடுத்துப் போங்கள். ஒரு தாளில் மருந்தின் பெயர், மில்லிகிராம் அளவு, எத்தனை வேளை, எத்தனை ஆண்டாக, கடைசியாக வலிப்பு வந்த நாள் ஆகியவற்றை எழுதி, அதை ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் அதைக் கைப்பேசியில் படமாகவும் எடுத்து வைக்கட்டும். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் வலிப்பு நோயை மறைப்பது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. அந்த மனவலியை நான் அறிவேன். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, உறவுக்கும் சொல்ல வேண்டியதில்லை. மருந்து எழுதுகிறவருக்கும் எடுத்துக் கொடுக்கிறவருக்கும் மட்டும் மறைக்காதீர்கள்.

பிறகு நேரடியாகக் கேளுங்கள்: ‘நான் இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், இதோடு நீங்கள் எழுதும் பூஞ்சை மருந்து சேருமா?’ இந்த ஒரு கேள்வியால் எந்த மருத்துவரும் கோபப்பட மாட்டார். அவர் முன் உள்ள வழிகள் சில. நோய் சிறிதாக இருந்தால் பூசு மருந்தோடு நிறுத்திக்கொள்வது முதல் வழி. படையைச் சுற்றி இரண்டு விரல் அகலம் நல்ல தோலிலும் பூசி, மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர்ந்தால் பலருக்கு இதுவே போதும். அது போதாத இடத்தில் மோதல் குறைந்த மாத்திரையைத் தேர்ந்து, கல்லீரல் சோதனையோடு கண்காணிப்பது இரண்டாவது. இரத்தத்தில் மருந்தின் அளவைச் சோதித்துப் பார்ப்பது மூன்றாவது. பெரிய நகரங்களின் ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன. ஃபினோபார்பிட்டோனுக்கு ஒரு மில்லிலிட்டரில் 15 முதல் 40 மைக்ரோகிராம் வரை என்பதும், வோரிகோனசோலுக்கு 1 முதல் 5.5 வரை என்பதும் வழக்கமாக எதிர்பார்க்கும் அளவுகள்.

வலிப்பு மருந்தையே மாற்றுவது கடைசி வழி. இட்ராகோனசோலோ வோரிகோனசோலோ கட்டாயம் தேவைப்படும் பெரிய நோய்களில் இதைத் தவிர்க்க முடியாது. வயலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு முள் குத்திய இடத்தில் தொடங்கி, கால் வீங்கிப் பல துளைகளில் சீழும் குருணையும் வடியும் மதுரைப் பாதம் அத்தகையது. 1842இல் மதுரையில் விவரிக்கப்பட்டதால் உலக மருத்துவமே அதை அந்தப் பெயரால் அழைக்கிறது. பூஞ்சையால் வந்த மதுரைப் பாதத்துக்கு இட்ராகோனசோலை மாதக்கணக்கில் தர வேண்டியிருக்கும். அப்போது நரம்பியல் மருத்துவர் லெவெடிரசெட்டம் போன்ற மருந்தை முதலில் சேர்த்து, அது நிலைபெற்ற பிறகு ஃபினோபார்பிட்டோனைச் சிறிது சிறிதாக, வாரங்களிலோ மாதங்களிலோ குறைப்பார். வால்ப்ரோயேட்டைச் சேர்த்தால் ஃபினோபார்பிட்டோனின் அளவு ஏறும் என்பதால் அந்த மாற்றத்தைக் கூடுதல் கவனத்தோடு செய்வார்கள். கருவுறும் வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட்டைத் தவிர்க்கவே பார்ப்பார்கள், அது கருவைப் பாதிக்கும். தஞ்சாவூர், திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கும் நம் பகுதியில், தோல் மருத்துவரின் சீட்டையும் வலிப்பு மருத்துவரின் சீட்டையும் ஒரே வளாகத்தில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டுபோக முடியும். அந்த நடையை நீங்கள்தான் நடக்க வேண்டியிருக்கும்; சலிப்பாக இருந்தாலும் நடந்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: இரண்டையும் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால்

பதற வேண்டாம், இரண்டில் எதையும் இன்றைக்கே நிறுத்தவும் வேண்டாம். எந்த மருந்தை எந்தத் தேதியில் தொடங்கினீர்கள் என்று எழுதுங்கள். அந்த வாரத்துக்குள் பூஞ்சை மருந்து எழுதியவரைப் பாருங்கள். கண், நுரையீரல், மூக்கு, முகம் ஆகியவற்றில் வந்த பூஞ்சை என்றால் அன்றைக்கே பாருங்கள். நோய் குறைகிறதா என்பதை வாய்ச்சொல்லால் அளக்காமல், வாரம் ஒரு முறை அதே இடத்தைப் படம் எடுத்து ஒப்பிடுங்கள்.

கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, சோற்றைக் கண்டாலே குமட்டுவது ஆகியவை கல்லீரல் பாதிப்பின் அடையாளங்கள். இரு வகை மருந்துகளும் கல்லீரலைத் தொடுபவை என்பதால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எழுப்பினாலும் எழாத தூக்கம், மூச்சு மெதுவாவது, 5 நிமிடத்துக்கு மேல் நீளும் வலிப்பு, ஒன்றை அடுத்து ஒன்றாக வரும் வலிப்பு ஆகிய எதுவானாலும் 108ஐ அழையுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பதும் வாயில் கரண்டி வைப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, சுற்றியுள்ள கூரான பொருள்களை அகற்றுங்கள். மது, ஃபினோபார்பிட்டோனோடு சேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும். பூஞ்சை மருந்தும் உள்ளே இருக்கும்போது அதன் பக்கமே போகாதீர்கள்.

மருந்தால் தீங்கு நேர்ந்ததாகத் தோன்றினால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம். பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டத்தின் எண் இது, பொதுமக்களும் அழைக்கலாம்.

ஆறாம் படி: மருந்து முடியும்போதும் மாறும்போதும்

தொடங்கும்போது காட்டிய கவனத்தை முடிக்கும்போது பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். ஃபினோபார்பிட்டோன் குறைக்கப்பட்டு நின்ற பிறகு வடிகால் மெல்லச் சுருங்கும். அப்போது அதே அளவில் சாப்பிட்டுவரும் பிற மருந்துகள், பூஞ்சை மாத்திரையானாலும் வேறு எதுவானாலும், இரத்தத்தில் ஏறத் தொடங்கும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இது ஈறிலும் மூக்கிலும் இரத்தக் கசிவாகத் தெரியலாம். ஆகவே வலிப்பு மருந்து நின்று ஒரு மாதம் வரை, சாப்பிடும் எல்லா மருந்துகளின் அளவையும் மறுபடி பார்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

எதிர்ப்பக்கமும் இதே கணக்குதான். ஃப்ளூகோனசோல் வாரக்கணக்கில் ஓடியபோது தூக்கக் கலக்கம் வந்து, அதற்காக வலிப்பு மருந்தின் அளவு குறைக்கப்பட்டிருந்தால், ஃப்ளூகோனசோல் முடிந்ததும் அடைப்பு நீங்கி வலிப்பு மருந்து வேகமாக வடியும். குறைத்த அளவு போதாமல் வலிப்பு திரும்பலாம். பூஞ்சை மருந்தின் கடைசி மாத்திரை எந்த நாளில் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, அதற்கு முந்தைய வாரத்திலேயே வலிப்பு மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். ஃபினோபார்பிட்டோன் சீட்டில்லாமல் எந்தக் கடையிலும் கிடைக்காது. அறுவடை நாட்களிலும், புயல் மழையில் பேருந்து நிற்கும் ஐப்பசி கார்த்திகையிலும் மாத்திரை தீர்ந்துவிடாதபடி பத்து நாளுக்கான இருப்பு வீட்டில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.